முதுமையியலில் இணையவழி முதுகலை: முதியோர் இல்லச் செவிலியருக்குப் பயன்படுமா?

கேள்வி: அரசலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கு அருகே ஒரு முதியோர் இல்லத்தில் 11 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். படித்தது பி.எஸ்சி. நர்சிங். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் இல்லத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளை இல்லாதவர்கள். இப்போதுள்ள 46 பேரில் பலருக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவர் துபாயில், மற்றவர் பெங்களூரில். இது ஏன் இப்படி மாறியது, இன்னும் 20 ஆண்டுகளில் எங்கே போய் நிற்கும் என்பதை முறையாகக் கற்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக இருக்கிறது.

முதுமையியலையும் (முதுமையை ஆராயும் துறை) மக்கள்தொகை மூப்படைவதையும் சேர்த்துக் கற்பிக்கும் முதுகலைப் படிப்பை, வேலையை விடாமல் இணையவழியில் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் பற்றிப் படித்தேன். கணக்குப் பாடத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டவள் நான். என்னால் முடியுமா? முடித்தால் என் வேலையில் என்ன மாறும்?

பதில் 1: ஓய்வுபெற்ற மக்கள்தொகையியல் ஆசிரியர்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் இல்லத்தில் நீங்கள் கண்ட மாற்றத்திலேயே இந்தப் படிப்பின் பாதி அடங்கியிருக்கிறது. மனிதர்கள் நீண்ட நாள் வாழ்வதால்தான் ஒரு சமூகம் மூப்படைகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். நான் வகுப்பெடுத்த காலத்தில் முதல் நாள் கேட்கும் கேள்விக்கு ஏறக்குறைய எல்லா மாணவர்களும் இதையே சொல்வார்கள். ஆயுள் கூடுவதும் ஒரு காரணம்தான், ஆனால் முதன்மையான காரணம் பிறப்பு குறைவது. குழந்தைகள் குறையக் குறைய, முதியோரின் எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் மக்கள்தொகையில் அவர்களின் பங்கு ஏறிக்கொண்டே போகும். தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 1.8. அதற்கு முன்பே, 2011 கணக்கெடுப்பில், 60 வயதைக் கடந்தோர் நாடு முழுவதிலும் 8.6 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் 10.4 ஆகவும் கேரளத்தில் 12.6 ஆகவும் இருந்தார்கள். அதன்மேல் இளைஞர்கள் வெளியூருக்குப் போவதும் சேர்ந்துகொள்ளும்போது, டெல்டாவின் சிற்றூர்கள் இன்னும் வேகமாக மூப்படைகின்றன.

எனக்குக் கவலை தருவது இந்த வேகம். 65 வயதைக் கடந்தோரின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆக உயர பிரான்சுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது. ஜப்பானுக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகளே பிடித்தன. பிரான்சு தன் ஓய்வூதிய முறையை ஆற அமரக் கட்டிக்கொண்டது. அந்த அவகாசம் நமக்கு இல்லை.

கணக்குக்கு அஞ்ச வேண்டாம். வாழ்நாள் அட்டவணையும் (ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் உயிரோடு எஞ்சுகிறார்கள் என்ற கணக்கு) சார்பு விகிதமும் (உழைக்கும் வயதினரை நம்பி எத்தனை குழந்தைகளும் முதியோரும் இருக்கிறார்கள் என்ற கணக்கு) பெருக்கல், வகுத்தல் தெரிந்தவருக்குப் பிடிபடும். உழைப்பு தேவைப்படுவது மாதிரி ஆய்வுத் தரவை, அதாவது மக்களில் ஒரு பகுதியினரை மட்டும் தேர்ந்து கேட்டுத் திரட்டிய தகவலை, கையாளும் புள்ளியியலுக்குத்தான். மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18இல் முதல் சுற்றை நடத்திய 'லாசி' (இந்தியாவில் மூப்படைதல் பற்றிய நீண்டகால ஆய்வு) என்ற ஆய்வு, 45 வயதைக் கடந்தோரும் அவர்களின் துணைவர்களுமாக 72,000 பேருக்கு மேல் சந்தித்து, வருமானம், நோய், மனநிலை தொடங்கிக் கைப்பிடி வலிமைவரை பதிவு செய்திருக்கிறது. விண்ணப்பித்தால் அந்தத் தரவு ஆராய்ச்சிக்குக் கிடைக்கும். அதைக் கொண்டு ஆய்வேடு எழுத அனுமதிப்பார்களா என்று சேர்வதற்கு முன்பே பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள்; அனுமதிக்காத இடத்தில் சேராதீர்கள் என்பதே என் கருத்து.

பதில் 2: கோவையில் பகல்நேர முதியோர் மையம் நடத்துபவர்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இதே துறையை இரண்டரை ஆண்டுகள் பகுதிநேரமாக இணையவழியில் படித்து முடித்தவன் நான். பாடங்களைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். நேரடிக் கலந்துரையாடல் மட்டும் நமக்கு இரவு ஒன்பதரைக்குத் தொடங்கும். வாரம் 15 மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் பாதியில் நின்றதைப் பார்த்தேன்.

என் வேலையை மாற்றியது ஒரு சிறு பயிற்சி. லாட்டன், பிராடி இருவரும் 1969இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், பயணம், மருந்து எடுத்துக்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் ஆகிய எட்டில் ஒரு முதியவர் எவற்றைத் தானே செய்கிறார் என்று பார்ப்பது அது. எங்கள் மையத்தில் 12 பேரிடம் கேட்டு எழுதினேன். 78 வயதான முன்னாள் மில் தொழிலாளி ஒருவர், சமையலைப் பற்றிக் கேட்டதும், "நான் அடுப்படிப் பக்கமே போனதில்லையே கண்ணு" என்றார். நான் சுழியம் போட்டேன். 81 வயதான ஆத்தா ஒருவர் வீட்டில் ஏழு பேருக்குச் சமைப்பவர். வங்கிப் புத்தகம் மகனிடமே இருக்கிறது. பணத்துக்கு நேரே அவருக்கும் சுழியம் போட்டேன்.

திருத்தி வந்த தாளில் பேராசிரியர் அந்த இரண்டு சுழியங்களையும் வட்டமிட்டு, "முடியவில்லையா, அல்லது ஒருபோதும் செய்ய நேரவில்லையா?" என்று கேட்டிருந்தார். அந்த அளவுகோலிலேயே ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துவைத்தல் மூன்றையும் விட்டுவிடும் வழக்கம் தொடக்கத்தில் இருந்தது என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இப்போது எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு செயலுக்கும் 'முன்பு செய்தாரா' என்ற கட்டம் உண்டு. மூன்று மாதங்களுக்கு முன் செய்துவந்ததை இன்று ஒருவர் விட்டுவிட்டால் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம்.

குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். பாடத்தில் வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அரசே செலவேற்று ஆய்வாளரை அனுப்பிச் சோதிக்கும் நாட்டுப் பராமரிப்பு இல்லங்களைப் பற்றியவை. மாதாமாதம் வரும் சொற்ப ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பாட்டியைப் பற்றிய பேச்சை நாம்தான் வகுப்புக்குக் கொண்டு போக வேண்டும்.

பதில் 3: சென்னை, செவிலிய ஆசிரியை

பணம் கட்டும் முன் இதையும் யோசியுங்கள் அம்மா. முதுமையியல் முதுகலை எம்.எஸ்சி. நர்சிங்குக்கு ஈடாகாது, செவிலியக் கல்லூரியில் ஆசிரியர் பணிக்கு அது தகுதியாகாது. இந்தியப் பல்கலைக்கழகம் என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்தப் படிப்பை ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம் போன்றவற்றை இணையவழியில் நடத்தக் குழுவின் 2020 விதிகளே தடை செய்கின்றன. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதியோர் மருத்துவப் பட்டயம் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கானது, அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் முன்பு இணையவழியில் வாங்கிய ஒரு சான்றிதழை, பதவி உயர்வு நேரத்தில் ஓர் அலுவலகம் ஏற்கவில்லை. ஏற்போம் என்று வாய்மொழியாகச் சொன்னவர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். எதையும் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அரசலாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. எனக்கு ஆசிரியர் பணி நோக்கமில்லை, ஆகையால் ஈடு பற்றிய கவலை குறைந்தது; இருந்தாலும் ஐயா சொன்னபடி ஆய்வேட்டுத் தரவைப் பற்றி இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

கோவை அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு எங்கள் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 'பிள்ளைகள்: 2' என்பதோடு அந்த வரி முடிந்துவிடுகிறது. எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த ஆண்டு ஊரை விட்டுப் போனார்கள், கடைசியாக எப்போது வந்து பார்த்தார்கள் என்று மூன்று கட்டங்களை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன். நேற்று மாலைவரை 19 பேரிடம் கேட்டு முடித்தேன். மீதி 27 பேரிடம் இந்த வாரம் கேட்டுவிடுவேன். விண்ணப்பக் கடிதத்தை அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் எழுதப் போகிறேன்.