ஊர்ச் செய்தி மடலுக்கு ஒரு யோசனை சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. எங்களுடையது சின்னப் புறநகர். ஊர்ச் செய்திகளையும் வரப்போகும் நிகழ்ச்சிகளையும் தொகுத்து மாதாமாதம் ஒரு மடல் போடுகிறேன். ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

போன மாதம் நடந்தது மனசை விட்டுப் போகவில்லை. இலவசக் கண் பரிசோதனை முகாம் முடிந்த மறுநாள், எதிர்வீட்டுப் பாட்டி மடலைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, "தேதி எங்கேப்பா போட்டிருக்கு?" என்று கேட்டார். மூன்றாம் பக்கத்தின் அடியில், 9 பாயிண்ட் எழுத்தில் இருந்தது.

எழுத்தை 14 பாயிண்ட் ஆக்கினால் பாதிச் செய்திக்கு இடமில்லை. எட்டுப் பக்கத்துக்கு அச்சுச் செலவு கட்டாது. சரி, வாட்ஸ்அப் குழு என்றால் அதில் 1024 பேர்தான் சேரலாம்; பாட்டியிடம் அந்த மாதிரி போனும் கிடையாது.

வரப்போகிறவற்றை முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டு, நடந்து முடிந்ததைச் சுருக்கிவிடலாமா? ஆனால் பிள்ளைகள் பரிசு வாங்கிய செய்தியை வெட்ட மனம் வரவில்லை. பெற்றோர் அதைக் கத்தரித்துப் பத்திரப்படுத்துகிறார்கள்.

இப்படி மடல் நடத்துகிறவர்கள் எதை விட்டீர்கள், எதை வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் முதல் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டால் பெரிய உதவி. அடுத்த இதழ் பத்து நாளில் அச்சுக்குப் போகிறது.