தம்பி காலையில படிக்கணும்

குழு: தோ பாயோ தாத்தா வீடு
18 நவம்பர் 2025, செவ்வாய்

நான்: எல்லாரும் கேளுங்க. தம்பிக்கு இன்னைக்கு ராத்திரி ராணுவ கேம்ப்புல காவல் டூட்டி. போன் கையில இருக்காது. காலையில எடுத்ததும் இந்தக் குழுவைத்தான் மொதல்ல பாப்பான். அதனால சிங்கப்பூர்-ஹாங்காங் கால்பந்து ஆட்டத்தை இங்கயே எழுதிக்கிட்டே வருவோம். பொம்மை மட்டும் போட்டுட்டுப் போகாதீங்க, வார்த்தையில எழுதுங்க.

அம்மா: சாப்பிட்டானா அவன்?

நான்: சாப்டுட்டேன்னு மெசேஜ் போட்டுட்டுத்தான் போனை வச்சான்மா.

அத்தை மன்னார்குடி: எனக்கும் சேத்தே எழுதுங்க. இங்க இன்னும் விளக்கே வைக்கல, அதுக்குள்ள போனோட உக்காந்துட்டேன். அண்ணே, இன்னைக்கு ஜெயிச்சாப் போதுமா? இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருக்குங்கிறான் என் மகன்.

அப்பா: போதும்மா. பிரிவுல நாலு நாடு, ஒரே ஒரு நாடுதான் ஆசியக் கிண்ணத்துக்குப் போகும். நாலு ஆட்டம் முடிஞ்சு நமக்கும் 8 புள்ளி, ஹாங்காங்குக்கும் 8 புள்ளி. கடைசியில புள்ளி சமமா வந்தா ரெண்டு பேரும் மோதுன ஆட்டத்தைத்தான் பாப்பாங்க. மார்ச்சுல இங்க ஆடுனப்ப 0-0. அதனால இன்னைக்கு ஜெயிச்சுட்டா அப்புறம் அவங்களால நம்மளத் தாண்டவே முடியாது.

அத்தை மன்னார்குடி: அந்த 8 புள்ளியில எங்க இந்தியாகிட்ட எடுத்தது எத்தனை! போன மாசம் அங்க 1-1, அப்புறம் கோவாவுல வந்து 2-1. உங்க ஆளு சோங் உய்யோங் ரெண்டு கோல். அன்னைக்கு ராத்திரி என் மகன் சோறே எடுக்கல. எங்களை வெளிய தள்ளிட்டு நீங்களும் போகலன்னா எனக்கு மனசு ஆறாது. ஜெயிச்சே ஆகணும்.

தாத்தா: (குரல் பதிவு, 2 நிமிடம்)

நான்: தம்பி, தாத்தா பேசுனத அப்படியே எழுதுறேன். "1984ல ஆசியக் கிண்ணம் நம்ம ஊர்லதான் நடந்துச்சு, காலாங் பழைய அரங்கத்துல. உன் அத்தையத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுப் போனேன். எங்க அண்ணன் அப்பதான் ஊர்லேருந்து வந்திருந்தாரு. நான் சிங்கப்பூருக்குக் கை தட்ட, அவர் இந்தியாவுக்குக் கை தட்ட, பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கோம். 2-0 ஜெயிச்சோம். கூட்டம் பூரா அந்த மரப்பலகையை உதைக்குது, அண்ணன் உக்காந்திருந்த பலகையும் சேந்து அதிருது. அவர் என்னைத் திரும்பிப் பாத்துட்டு, 'இனி இதுதான்டா உன் ஊரு'ன்னாரு. ஈரானோடயும் 1-1 எடுத்தோம். ஆனா ஒண்ணு. அன்னைக்கு நாம உள்ள போனது நடத்துற நாடுங்கிறதால. நம்ம வீட்டுக் கல்யாணத்துல நாமளே பந்தியில உக்காந்த மாதிரி. அடுத்தவன் இலை போட்டுக் கூப்பிட்டு, ஆசியக் கிண்ணத்துல நாம இன்னும் உக்காரல. அதப் பாத்துட்டுத்தான் நான் கண்ண மூடணும்."

அம்மா: மாமா, அந்தக் கடைசிப் பேச்சு வேணாம்.

சித்தப்பா: ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. கை டாக் அரங்கம். பழைய ஏர்போர்ட் இருந்த இடம். பூராவும் சிவப்புச் சட்டை.

அப்பா: ச்சே. ஹாங்காங் கோல். 0-1.

அத்தை மன்னார்குடி: ஐயோ.

நான்: தம்பி, மறைக்க மனசில்ல. நம்ம ஆளுங்க கால்ல பந்தே நிக்கல. தாத்தா ஒண்ணும் பேசாம வேட்டி நுனியை முறுக்கிக்கிட்டே இருக்காரு.

சித்தப்பா: இடைவேளை. இன்னும் 0-1தான்.

அப்பா: 1998ல ஹனோய் ஞாபகம் இருக்கா? தென்கிழக்காசிய நாடுங்க ஆடுற டைகர் கிண்ணம், இறுதி ஆட்டம், வியட்நாமோட அவங்க ஊர்லயே. நம்மள ஒருத்தனும் கணக்குல எடுக்கல. நம்ம சசிகுமார் முதுகுல பட்டு உள்ள போச்சு பந்து. 1-0. கிண்ணம் நம்ம கையில. நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி ஒரு பேரை டிவியில அத்தனை தடவ சொன்னது அன்னைக்குத்தான். மறுநாள் வேலையிடத்துல என்கிட்ட வந்து கை குடுத்தாங்க, ஏதோ நானே போட்ட மாதிரி.

சித்தப்பா: நம்ம பயிற்சியாளர் கேவின் லீக்கு 35 வயசு. என்னை விடச் சின்னவரு. அந்த முகத்துல பதற்றமே இல்ல பாருங்க.

அம்மா: தேத்தண்ணி போட்டுட்டு வரேன்.

அப்பா: கோல்ல்ல்ல்ல்

சித்தப்பா: ஷவால்!!! ஷவால் அனுவார்!!! 1-1

அம்மா: நான் அடுப்படியில நிக்கிறேன்! பாக்கல!

அப்பா: அங்கயே நில்லு!

அத்தை மன்னார்குடி: யாராவது ஒழுங்கா எழுதுங்களேன்

சித்தப்பா: இன்னொண்ணு!!!!!! இல்ஹான்!!!!! 2-1!!!!

தாத்தா: (குரல் பதிவு, 9 விநாடி)

நான்: தம்பி, தாத்தா என்ன சொல்றாருன்னு புரியல, இத நீயே கேளு. கடைசியில மட்டும் "அப்பனையும் பாத்தேன், மகனையும் பாத்துட்டேன்"ங்கிறாரு. அந்தக் காலத்துல சிங்கப்பூருக்கு ஆடுன ஃபாண்டி அகமதையும் அவர் மகன் இல்ஹானையும் சொல்றாரு.

அப்பா: இன்னும் நேரம் கெடக்கு. யாரும் எதுவும் பேசாதீங்க.

நான்: முடியப் போகுது. கை நடுங்குது. அம்மா இன்னும் அடுப்படியிலயே நிக்கிறாங்க, வரமாட்டேங்கிறாங்க.

சித்தப்பா: முடிஞ்சுது. 2-1. போறோம். 2027 சவூதி அரேபியா. ஆடி ஜெயிச்சுப் போறோம்.

அத்தை மன்னார்குடி: அப்பா எங்க? போனை அப்பாகிட்ட குடுங்க.

நான்: அத்தை, தாத்தா உள்ள இல்ல. எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியவர் பாக்சிக் கதவத் திறந்துட்டு வந்துட்டாரு. ரெண்டு பேரும் காரிடார்ல கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பாக்சிக் அழுவுறாரு. தாத்தா வெறுங்காலால தரையை உதைச்சுக்கிட்டே இருக்காரு, டம் டம்னு. மாத்திரை போடணும்னு அம்மா கூப்பிடுறாங்க, காதுல வாங்கல.

19 நவம்பர் 2025, புதன்

தம்பி: இப்பத்தான் போன் வந்துச்சு. ஒண்ணு விடாமப் படிச்சேன்.

தம்பி: ராத்திரி வேலிப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிளாக் வீடுங்க. திடீர்னு அங்கேருந்து ஒரே சத்தம். கொஞ்ச நேரத்துல மறுபடியும் சத்தம். ரெண்டு கோல்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா அவங்க எத்தனை போட்டாங்கன்னு தெரியாம விடிய விடிய மண்டை காஞ்சுது.

தாத்தா: மொத கோல் அவங்களோடது. அதுக்குச் சத்தம் வரலையே?

தம்பி: இல்ல தாத்தா. அப்ப ஊரே அமைதியா இருந்துச்சு.