கல்ஃபில் கம்பெனி மாற முடியுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மார்த்தாண்டம்காரர்:
சவுதின்னா முதல்ல பார்க்க வேண்டியது, ஒப்பந்தம் கிவாவில் (வேலை ஒப்பந்தம் பதியுற சவுதி அரசுத் தளம்) பதிவாகியிருக்கான்னு. 2021 மார்ச் 14-லிருந்து, ஒரு வருஷம் முடிச்சவர் கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) சம்மதம் இல்லாமலே மாறலாம். புதுக் கம்பெனி கிவாவில் கோரிக்கை அனுப்பணும், நீங்க அதை ஏத்துக்கணும், 90 நாள் நோட்டீஸ் கொடுக்கணும். தொடர்ந்து மூணு மாசம் சம்பளம் வரலைன்னாலும், இக்காமா (அங்கே தங்குறதுக்கான அனுமதி அட்டை) காலாவதியானாலும் அந்த ஒரு வருஷக் கணக்கு கிடையாது. ஆனா ஹவுஸ் டிரைவர், வீட்டு வேலை, தோட்ட வேலை, ஆடு மேய்ப்பு எதுவும் அந்தச் சீர்திருத்தத்தில் வரலை. விசாவில் என்ன தொழில் போட்டிருக்குன்னு ஏறும் முன்னாடியே பாருங்க.

கம்பம்காரர்:
கேரளா ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏத்திக்கிட்டுக் கம்பம்மெட்டு ஏறுற ஜீப்பை நினைச்சுப் பாருங்க. கூலி கட்டுப்படியாகலைன்னா மறுநாள் வேற ஜீப். மாநில எல்லை தாண்டினாலும் யார் அனுமதியும் வேண்டாம். காய் எடுப்பு நேரத்தில் ஆள் வேணும்னா தோட்டக்காரர் கூலியை ஏத்தித்தான் ஆகணும். கல்ஃபில் அந்த இன்னொரு ஜீப்பைத்தான் விசா மறிக்குது.

அமீரகத்தில் 2011 ஜனவரியில், ஒப்பந்தம் முடிஞ்சவர் என்ஓசி (பழைய முதலாளியோட ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம்) இல்லாமல் மாறலாம்னு விதி வந்தது. சம்பளப் பதிவுகளை ஆராய்ஞ்சதில், ஒப்பந்தம் முடியுற கட்டத்தில் இருந்தவங்க வருமானம் 10 சதவீதத்துக்கு மேல ஏறியிருந்தது. இதில் வேடிக்கை, எல்லாரும் கம்பெனி மாறி ஓடலை. ஓடிடுவான்னு பயந்து பழைய முதலாளியே சம்பளத்தை ஏத்திக் கொடுத்து வெச்சுக்கிட்டார். இன்னொரு பக்கமும் உண்டு: ஊரிலிருந்து புதுசா எடுக்கிற ஆள் குறைஞ்சது, அவங்க சம்பளமும் இறங்கிச்சு.

களியக்காவிளைக்காரர்:
'ஃப்ரீ விசா'ன்னு விக்கிறாங்களே, அதில் பேரம் பேச இடமே இல்ல. விசா ஒருத்தர் பேரில், வேலை வேற இடத்தில், கஃபீலுக்கு வருஷா வருஷம் பணம். வேலை கொடுத்தவர் சம்பளத்தைப் பிடிச்சா புகார் கொடுக்க வழியில்லை. கொடுக்கப் போனா சட்டவிரோதமா வேலை பார்த்த நீங்கதான் மாட்டுவீங்க. கஃபீல் கோபப்பட்டு ஹுரூப் (ஆள் ஓடிட்டார்னு அரசுக்குக் கொடுக்கிற புகார்) போட்டுட்டா அதைவிடச் சிக்கல்.

பத்தாவது முடிக்காதவங்க பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்கணும்ங்கிற குறிப்பு) இருக்கும். அவங்க விசிட் விசாவில் போனா இமைக்ரேட்டில் (வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களுக்கான இந்திய அரசுத் தளம்) ஒப்பந்தப் பதிவும் கிடையாது, 10 லட்ச ரூபாய் காப்பீடும் கிடையாது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம்ங்கிறது 30,000 ரூபாயும் அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான். அதுக்கு மேல வட்டிக்கு வாங்கிக் கொடுத்தா, கடன் அடையுற வரைக்கும் கம்மி சம்பளத்தை விட்டு நகர முடியாது.

மார்த்தாண்டம்காரர்:
கத்தார் போறவங்களுக்கு: 2021 மார்ச் 20-லிருந்து அடிப்படைச் சம்பளம் குறைஞ்சது 1,000 ரியால். கம்பெனி தராட்டா சாப்பாட்டுக்கு 300, தங்க 500 தனி. ஓவர்டைமையும் சேர்த்து 1,000-னு காட்டினா கையெழுத்துப் போடாதீங்க.