மோட்டார் கிட்டுக்கு அப்புறம் என்ன வாங்கலாம்?

கேள்வி:
மகளுக்கு 9 வயது. மோட்டார் கிட் வாங்கிக் கொடுத்தேன். தாளில் போட்டபடி பொருத்தினாள், சுற்றியது, பெட்டியை மூடிவிட்டாள். ஏன் சுற்றுகிறது என்றால் "பேட்டரி இருக்கே" என்கிறாள். அடுத்து எந்த கிட்?

பதில் 1:
புதுசு வேண்டாம், அதையே கெடுத்துப் பாருங்கள். கம்பிச்சுருளின் ஒரு முனையில் எனாமலை (மின்சாரம் கடத்தாத மேல்பூச்சு) முழுக்கச் சுரண்டியிருப்பீர்கள், மறுமுனையில் பாதிப் பக்கம் மட்டும். அந்தப் பாதியையும் சுரண்டச் சொல்லுங்கள். சுருள் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு நின்றுவிடும். அரைச் சுற்று தாண்டியதும் காந்தவிசை அதைத் திருப்பித் தள்ளுகிறது. மிச்சமிருந்த எனாமல்தான் அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவந்தது. அவளே யோசிக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது (அதுதான் பெரிய கஷ்டம்). சுருள் நின்றால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், கம்பி சுடும்.

பதில் 2:
கிட்டே எதற்கு? நூலில் ஒரு நட்டைக் கட்டி ஆட விடுங்கள். 25 செ.மீ. நீளத்துக்குப் போய்வர சுமார் 1 வினாடி. 2 வினாடிக்கு எவ்வளவு நூல்? 50 என்பாள். 1 மீட்டர் வேண்டும்!

பதில் 3:
குட்டிக் காந்த உருண்டைகள் உள்ள கிட்டை மட்டும் தொடாதீர்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒட்டி ஓட்டை போட்டுவிடும்.

கேட்டவர்:
சரி. எனாமலைச் சுரண்ட உப்புத்தாள் போதுமா?

பதில் 1:
தாராளமாக.