எட்டுக் குஞ்சில் ஒன்று மட்டும் வளரவே இல்லை, ஒன்பது நாள் ஆகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி: நத்தம் வீட்டுக்கோழி

வணக்கம். எங்கள் சிறுவிடைக் கோழியைப் பத்து முட்டையோடு அடை வைத்தேன். இரண்டு கூமுட்டை, எட்டு பொரித்தது. ஏழு குஞ்சு 21ஆம் நாளே வெளியே வந்துவிட்டன. எட்டாவது முட்டையில் அன்று ஓட்டை மட்டும்தான் விழுந்திருந்தது. குஞ்சு முழுதாக வர மறுநாள் சாயங்காலம் ஆனது. அதற்குள் தாய்க்கோழி மற்ற ஏழையும் கூட்டிக்கொண்டு அடையை விட்டு இறங்கிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது அந்தக் குஞ்சு ஈரம் காயாமல் வைக்கோலில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. துணியில் சுற்றிக் காயவைத்து, இரவு தாய்க்கு அடியில் விட்டேன். தாய் சேர்த்துக்கொண்டது.

இன்று ஒன்பதாம் நாள். மற்றவை இறக்கை முளைத்து ஓடுகின்றன. இது மட்டும் பொரித்த அன்று இருந்த அளவிலேயே இருக்கிறது. சமையல் தராசில் வைத்தேன், 31 கிராம். மற்றவற்றில் ஒன்றை வைத்தேன், 54 கிராம். கண்ணை மூடிக்கொண்டு இறக்கையைத் தொங்கவிட்டு நிற்கிறது. தாய் கிளறிக்கொண்டு நடக்கும்போது பின்னால் போக முடியாமல் நின்றுவிடுகிறது. தீனி போட்டால் மற்றவை மிதித்துத் தள்ளிவிடுகின்றன.

தனியாக எடுத்துச் சோறும் கம்பும் வைத்தேன், கொத்தவில்லை. இங்க் பில்லரால் குளுக்கோஸ் தண்ணீர் விட்டேன், தும்மியது. பக்கத்து வீட்டு அக்கா மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடு என்கிறார். கொடுக்கலாமா? மார்கழிக் குளிர் வேறு. என் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் இதைத்தான் போய்ப் பார்க்கிறான். எப்படியாவது பிழைக்க வைக்க வேண்டும்.

பதில்: ஒட்டன்சத்திரம் தோட்டம்

தங்கச்சி, இன்று ராத்திரி தீனியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முதலில் சூடு. உடம்பு குளிர்ந்த குஞ்சுக்குப் பசியே எடுக்காது, உள்ளே போனதும் செரிக்காது. அதன் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உங்கள் பிரச்சினையில் பாதி அதுதான்.

ஒரு அட்டைப்பெட்டி எடுங்கள். அடியில் சாக்குத் துண்டோ பழைய துண்டோ விரியுங்கள். வழுவழுப்பான செய்தித்தாளை மட்டும் போடாதீர்கள், வலுவில்லாத குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்து போகும். பெட்டியின் ஒரு மூலைக்கு மேலே 60 வாட் குண்டு பல்பு தொங்கட்டும். எல்இடி பல்பு வேண்டாம், அதில் வெளிச்சம் வருமே தவிரச் சூடு போதாது. பல்பு துணியிலோ அட்டையிலோ படக்கூடாது. மறு மூலை குளிர்ச்சியாகவே இருக்கட்டும், வேண்டும்போது குஞ்சே நகர்ந்துகொள்ளும். முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். உங்களுடையது ஒன்பது நாள் குஞ்சு என்றாலும் முதல் வாரக் கணக்கிலேயே வையுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சையே பாருங்கள். பல்புக்கு நேர் கீழே ஒடுங்கிக் கீச்சென்று கத்தினால் குளிர்கிறது. தள்ளிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

மின்சாரம் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். நெருப்புச் சட்டி வேண்டவே வேண்டாம், புகையில் போய்விடும்.

பதில்: மணப்பாறை

தம்பி சொன்னது சரி. அப்புறம் ஒன்று. குஞ்சைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாயா அம்மா? எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் எதைக் கொடுத்தாலும் வீண். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து அதன் மேல் வைத்து, ஊறியதும் மெல்லத் துடைக்க வேண்டும். பிய்த்து இழுக்கக் கூடாது, தோலோடு வந்துவிடும். ஆசனவாய்க்குக் கொஞ்சம் முன்னால், வயிற்றில் கறுப்பாகக் காய்ந்த பொருக்கு மாதிரி ஏதாவது இருந்தால் அது தொப்புள். அதைத் தொடாதே. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் தொப்புளைப் பிய்த்துக் குஞ்சைச் சாகவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நத்தம் வீட்டுக்கோழி

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. கால் ஐஸ் மாதிரி இருந்தது. பின்பக்கம் நீங்கள் சொன்னதேதான். கடலைப் பருப்பு அளவுக்குச் சுண்ணாம்புக் கட்டி போல இறுகிப் போயிருந்தது, சுற்றியிருந்த முடியெல்லாம் அதில் ஒட்டியிருந்தது. நான் இத்தனை நாள் வயிற்றுப் பக்கம் திருப்பியே பார்க்கவில்லை. கால் மணி நேரம் ஊறவைத்துத்தான் எடுத்தேன். எடுத்த அடுத்த நிமிடமே நிறைய எச்சமிட்டது. துடைத்துக் காயவைத்துத் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவியிருக்கிறேன். இப்போது பல்புக்கு அடியில் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறது. முதலில் செத்துவிட்டது என்றே பயந்துவிட்டேன், மூச்சு இருக்கிறது.

பதில்: நாமக்கல், கால்நடை மருத்துவர்

காலை நீட்டிப் படுப்பது நல்ல அறிகுறிதான் சகோதரி. சூடு போதும் என்று அர்த்தம்.

பில்லரை இனி எடுக்காதீர்கள். தும்மியது என்றீர்களே, அது தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனதால். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் நுரையீரலில் தண்ணீர் புகுந்து இறந்திருக்கும். அலகின் ஓரத்தில் விரல் நுனியால் ஒரு சொட்டு வையுங்கள், அது தானாக நக்கி விழுங்கும். மருந்துக்கடை மாத்திரையும் வேண்டாம். 31 கிராம் குஞ்சுக்கு மனிதர் மாத்திரையை எந்த அளவில் பிரிப்பது? நோய் இன்னதென்று தெரியாமல் கிருமிக்கொல்லி கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமியும் போய், இன்னும் நலியும்.

தண்ணீரில் முதல் நாள் மட்டும் கொஞ்சம் வெல்லம் கரையுங்கள். மூன்று நான்கு நாள் தொடர்ந்தால் கழியும். மூடியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள், தலைகுப்புற விழுந்து நனையாது.

சோறும் கம்பும் இப்போது உதவாது. சோற்றில் புரதம் குறைவு. முழுக் கம்பை அரைக்க அதன் வயிற்றில் இன்னும் மணல் சேரவில்லை. கடையில் குஞ்சுத் தீவனம் கிடைக்கும், புரதம் 20 சதவீதம் அளவில் இருப்பதாகப் பார்த்து அரைக்கிலோ வாங்குங்கள். வெந்நீர் தெளித்துப் புட்டுமாவுப் பதத்தில் பிசறி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை வையுங்கள். மிஞ்சியதை எடுத்துக் கொட்டிவிடுங்கள், புளித்ததைத் தின்றால் போச்சு. கொத்தத் தெரியாவிட்டால் உங்கள் விரல் நகத்தால் தீவனத்தின் மேல் டக் டக்கென்று தட்டுங்கள். தாய் அலகால் கொத்திக் காட்டுவது போல அதற்குத் தோன்றும்.

இரவு தூங்கும் முன் தீனிப்பையை, அதாவது தின்றது முதலில் தங்கும் பையைத் தொட்டுப் பாருங்கள், கழுத்துக்குக் கீழே மார்பின் வலப்பக்கம். சுண்டைக்காய் போல மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். காலையில் காலியாகியிருக்க வேண்டும். காலையிலும் கல் போல இருந்தால் தீனி நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தினம் காலையில் அதே நேரத்துக்கு எடை போட்டு எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத இரண்டு கிராமைத் தராசு காட்டிவிடும்.

இன்னொன்று, கால்விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு முட்டியால் நடக்கிறதா? அப்படியென்றால் பி2 வைட்டமின் குறை, அதற்கு மருந்து வேறு.

நத்தம் வீட்டுக்கோழி

விரல் நேராகத்தான் இருக்கிறது ஐயா. நகத்தால் தட்டினேன். தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் என் விரலையே பார்த்தது. அப்புறம் கொத்தியது. என் பையன் கத்திய கத்தலில் அது மறுபடி மூலைக்கு ஓடிவிட்டது.

பதில்: ஒட்டன்சத்திரம் தோட்டம்

அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து மிளகு அளவு காலையும் மாலையும் கொடுங்கள். இரண்டு மூன்று நாளைக்குப் போதும். அதிகம் கொடுத்தால் மறுபடி பின்பக்கம் அடைக்கும்.

பதில்: வேடசந்தூர்

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. தாய் விட்டுவிட்டுப் போன குஞ்சைக் காப்பாற்றினாலும் அது கடைசி வரை சோப்ளாங்கியாகவே இருக்கும், நோயை மற்றதுக்கும் இழுத்து வரும். நான் அப்படியே விட்டுவிடுவேன்.

பதில்: மணப்பாறை

எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது அப்பா. அடைக்கூட்டில் ஓரத்து முட்டைக்குச் சூடு குறையும், ஒரு நாள் தாமதமாகும். அடை உட்கார்ந்த பிறகு இன்னொரு கோழி வந்து இட்டுவிட்டுப் போனாலும் அது பின்னால்தான் பொரிக்கும். அது முட்டை கிடந்த இடத்தின் குறை, குஞ்சின் குறை இல்லை. பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாளைக்கு வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவிலேயே ஓடும். அந்த நாட்களில் இது குளிரில் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். கால் கோணல், அலகு கோணல் இருந்தால் நீ சொல்வது சரி. வளர்ந்த பிறகு இதன் முட்டையை அடை வைக்காமல் இருந்தால் போதும்.

நத்தம் வீட்டுக்கோழி (ஐந்து நாள் கழித்து)

எடை எழுதி வைத்திருக்கிறேன். மறுநாள் 31, அப்புறம் 32, 35, 38, இன்று 42. கண் நன்றாகத் திறந்துவிட்டது. ஆனால் பகலெல்லாம் விடாமல் கத்துகிறது. தீனி, தண்ணீர், சூடு எல்லாம் இருக்கிறது. எங்கள் தாய்க்கோழி குரல் கேட்டால் பெட்டியின் சுவரில் முட்டுகிறது. இப்போது தாயிடம் விடலாமா?

பதில்: மணப்பாறை

துணை கேட்கிறது. ஒன்றை மட்டும் தனியாக வைத்தால் எந்தக் குஞ்சும் சரியாகத் தேறாது. மற்ற ஏழில் சின்னதாக, சாதுவாக இருக்கும் ஒன்றைப் பிடித்துப் பெட்டியில் விடு. அது தின்பதைப் பார்த்து இதுவும் தின்னும். இன்னும் ஐந்தாறு நாள் போகட்டும். பகலில் பெட்டியைத் தாய் மேயும் இடத்துக்குப் பக்கத்தில், கம்பிவலை போட்டு வை, குரல் மறக்காது. சேர்க்கும்போது இரண்டையும் சேர்த்தே, இருட்டிய பிறகு தாய்க்கு அடியில் நுழைத்துவிடு. பகலில் கொண்டுபோய் விட்டால் வேற்றுக் குஞ்சென்று கொத்தி மண்டையைப் பிளந்துவிடும். விடியும்போது நீ எழுந்து பக்கத்தில் இரு.

சேர்த்த பிறகு தீனியைப் பஞ்சாரத்துக்குள், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் கூடைக்குள் வை. பஞ்சாரத்தை ஒரு பக்கம் அரைச் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் குஞ்சு நுழையும், பெரிய கோழி நுழையாது. அப்புறம் கரையான் பிடி. மண்சட்டியில் காய்ந்த சாணமும் சாக்குத் துண்டும் ஓலையும் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் ஓடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் சட்டி நிறைய ஏறியிருக்கும். அதைவிடக் குஞ்சை ஊட்டுவது எதுவும் இல்லை.

பதில்: நாமக்கல், கால்நடை மருத்துவர்

வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்க ஏழாம் நாள் போடும் சொட்டு மருந்து மற்றவற்றுக்குப் போட்டாகிவிட்டதா? இல்லையென்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு உடனே போடுங்கள். நலிந்த குஞ்சுக்கு இப்போதே வேண்டாம், எடை ஏறிக்கொண்டே வந்து சுறுசுறுப்பான பிறகு அங்கே காட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து எச்சத்தில் ரத்தம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தரை ஈரமாக இருந்தால் ரத்தக்கழிச்சல் வரும், உமியைக் காயவைத்துக் கிளறி விடுங்கள்.

நத்தம் வீட்டுக்கோழி (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். சேர்த்த அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். தாய் இதன் தலையில் ஒரே ஒரு கொத்து கொத்தியது. இது உடனே தாயின் வயிற்றுக்குள் புகுந்துகொண்டது, அதன் பிறகு ஒன்றும் செய்யவில்லை. சொட்டு மருந்து எல்லாவற்றுக்கும் போட்டாகிவிட்டது, இதற்குப் பத்து நாள் தள்ளிப் போட்டார்கள். நேற்று எடை 118 கிராம். மற்றவை 160ஐத் தாண்டிவிட்டன, எட்ட இன்னும் நாளாகும்போல. கரையான் சட்டியைத் தூக்கினால் மற்ற ஏழும் சட்டியைச் சுற்றி நிற்கின்றன, இது நேராகச் சட்டிக்குள்ளேயே ஏறி நின்று தின்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இரவு பல்பு இன்னும் வேண்டுமா?

பதில்: ஒட்டன்சத்திரம் தோட்டம்

தாய்க்கு அடியில் படுக்கிறது, இறக்கையும் முளைத்துவிட்டது அல்லவா? வேண்டாம் தங்கச்சி. கூட்டுக்குள் பனிக்காற்று அடிக்காமல் வடபக்கம் ஒரு சாக்குக் கட்டுங்கள், போதும்.