புதுப்பிப்பு: செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல – கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் பண்ற பாகம்) அடைப்பு

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டிருந்த பிரச்சனை இதுதான்: 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. ஸ்பார்க், ஃப்யூவல் பிரஷர், கம்ப்ரஷன் எல்லாம் சரி, ஆனா ஸ்டார்ட் ஆகல. பிளக் நாலும் பெட்ரோல்ல நனைஞ்சிருந்தது.

"முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழட்டிட்டு செல்ஃப் அடிங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான் வேலை செஞ்சது. அந்த சென்சார் கன்வெர்ட்டருக்கு முன்னாடி புகைக் குழாய்ல இருக்கும், கழட்டினா அந்த ஓட்டை வழியா புகை வெளியேறும். 22 எம்எம் ஸ்பேனர் போதும். பிளக்கைக் காய வெச்சு மாட்டினதும், காது கிழியிற சத்தத்தோட ஸ்டார்ட் ஆச்சு. புகை வெளியேற வழியில்லைன்னா சிலிண்டருக்குள்ள புதுக் காத்து நுழையாது. பெட்ரோல் எரியாம பிளக்கை நனைக்கும். அதே ஓட்டையில பிரஷர் கேஜ் மாட்டி செல்ஃப் அடிச்சா முள் ஏறிக்கிட்டே போச்சு. நல்ல வண்டியில 2500 ஆர்பிஎம்லகூட 3 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. (இதைத் திறந்தவெளியில, கொஞ்ச நேரம் மட்டும் பண்ணுங்க.)

கன்வெர்ட்டருக்குள்ள பீங்கான் உருகிக் கட்டியா இருந்தது. எதிர்பாராதது, உடைஞ்ச துண்டுகள் பின் சைலன்சர் வரைக்கும் போயிருந்தது, தட்டினா கலகலன்னுது. அதையும் மாத்தியாச்சு.

மூலகாரணம் மூணாவது சிலிண்டர் இக்னிஷன் காயில் (பிளக்குக்கு ஸ்பார்க் கரண்ட் குடுக்கிறது). சூடானா மட்டும் மிஸ்ஃபயர், அதாவது அந்த சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதை உருக்கியிருக்கு. காயிலை மாத்தாம புது கன்வெர்ட்டர் போட்டா அதுவும் போயிடும்.