டைம் டேபிள் மூன்று நாளைக்கு மேல் தாங்க மாட்டேன் என்கிறது

பின்சீட்டுப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாவது படிக்கிறேன், ஃபர்ஸ்ட் குரூப், அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். ஊர் ஆத்தூர் பக்கம். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து நான்கு டைம் டேபிள் போட்டுவிட்டேன், நான்கும் போச்சு. முதலாவது சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் போட்டது, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கலர். காலை 4 முதல் 6 வரை கணக்கு, இரவு 7 முதல் 8 இயற்பியல், 8 முதல் 9 வேதியியல், 9 முதல் 10 உயிரியல். அதைப் போட்டு முடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விட்டது. மூன்றாம் நாளே அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். இப்போது அந்தச் சார்ட்டைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது, ஆனால் பசை போட்டு ஒட்டியதால் கிழிக்கவும் முடியவில்லை.

என் நாள் இப்படித்தான் போகும். காலை 6 மணிக்குப் பால் கேனை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போக வேண்டும், வந்து குளித்துக் கிளம்பினால் 7.10க்கு பஸ். அதை விட்டால் அடுத்தது 8.30க்குத்தான். பள்ளியில் 8.15க்கே ஸ்பெஷல் கிளாஸ், சாயந்தரமும் 5.30 வரை ஸ்பெஷல் கிளாஸ். வீடு வந்து சேர 7 ஆகிவிடும். அம்மா சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்குப் போய் வருகிறார், அதனால் ராத்திரிச் சமையல் என்னுடையது, தம்பி ஆறாவது படிக்கிறான், அவனுக்கு வீட்டுப்பாடமும் சொல்லித்தர வேண்டும். எட்டரை ஆகிவிடும் புத்தகத்தைத் திறக்க. ஒன்பதரைக்கெல்லாம் தலை தொங்கிவிடுகிறது.

காலாண்டுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. கணக்கில் முதல் இரண்டு பாடமும் அரைகுறை. இன்ஜினியரிங் போக ஆசை. வகுப்பில் ஒருத்தி தினமும் ஆறு மணி நேரம் படிக்கிறேன் என்கிறாள், கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. நாலு மணிக்கு எழுந்தால்தான் ஆகுமா? உங்களில் யாராவது இப்படிப் பஸ்ஸில் போய் வந்து படித்திருந்தால் சொல்லுங்கள், ப்ளீஸ்.

ராத்திரிக் கோழி:

தங்கச்சி, நீ போட்டிருப்பது ஹாஸ்டலில் இருக்கிறவனுக்கான டைம் டேபிள். 7 மணிக்கு இயற்பியல் என்று எழுதியிருக்கிறாய், அடுத்த பத்தியிலேயே எட்டரை வரை அடுப்படியில் இருக்கிறேன் என்கிறாய். அப்புறம் அது எப்படித் தாங்கும்? சோம்பேறித்தனம் என்று உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே, அந்தக் காகிதத்தில் இருப்பது உன் நாளே இல்லை.

நானும் தினமும் முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வந்து பன்னிரண்டாவது முடித்தவன்தான். நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு வாரம் எந்த டைம் டேபிளும் போடாதே, எதையும் மாற்றாதே. எப்போது உட்கார்ந்தாய், எப்போது எழுந்தாய் என்று மட்டும் ரஃப் நோட்டில் எழுதி வை. வாரக் கடைசியில் கூட்டிப் பார். வருகிற எண் கேவலமாக இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கையில் இருக்கிற காசு அதுதான், அதை வைத்துத்தான் செலவுக்குப் போட முடியும்.

அடுத்து, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் கொடுத்த அதே ஒரு மணி நேரத்தை உயிரியலுக்கும் கொடுத்திருக்கிறாய். ஏன்? இன்ஜினியரிங் கட் ஆஃப் 200க்கு. அதில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கில் ஒரு மதிப்பெண் விட்டால் கட் ஆஃபில் முழுசாக ஒன்று போகும், இயற்பியலில் விட்டால் அரைதான் போகும். உயிரியல் அதில் சேரவே சேராது. அதற்காக உயிரியலைக் கைவிடச் சொல்லவில்லை, 600க்குக் கூட்டும்போது அதுவும் வரும், ஆனால் மூளை நன்றாக வேலை செய்கிற நேரத்தை அதற்குக் கொடுக்காதே. கண் சொக்குகிற நேரத்தில் படம் வரைந்து பாகம் குறிக்கலாம், வரைகிற கை தூங்காது.

நாலு மணி விஷயம். பத்து மணிக்குப் படுத்தால் நாலரைக்கு எழலாம், பதினொன்றுக்குப் படுத்துவிட்டு நாலுக்கு எழுந்தால் ஸ்பெஷல் கிளாஸில் தூங்குவாய். அவ்வளவுதான். ஆறு மணி நேரம் படிக்கிறவளை விடு, அவள் வீட்டில் பால் கேன் யார் தூக்குகிறார்கள் என்று கேட்டுப் பார்.

இன்னொன்று, அரசுப் பள்ளியிலேயே ஆறாவதிலிருந்து படிக்கிறாயா? அப்படியென்றால் இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2021லிருந்து இருக்கிறது. உன் ஸ்கூலில் சொல்லியிருப்பார்கள், இல்லையென்றால் கேட்டு வைத்துக்கொள்.

டிக்டிக்:

போமோடோரோ முயற்சி செய்து பாருங்கள் சிஸ்டர். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு, நாலு சுற்றுக்கு ஒருமுறை பெரிய ஓய்வு. 80களின் கடைசியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் தன் கல்லூரி நாட்களில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது. இத்தாலி மொழியில் தக்காளிக்குத்தான் போமோடோரோ என்று பெயர். போனில் இதற்கு இலவச ஆப் நிறைய இருக்கிறது.

ராத்திரிக் கோழி:

தக்காளி நல்லதுதான், ஆனால் போனைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வது பூனையிடம் கருவாட்டைக் காவல் வைக்கிற கதை. தவிர கணக்குப் போடுகிறபோது 25ஆவது நிமிடம் எங்கே வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது, பாதிக் கணக்கில் மணி அடித்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மனப்பாடப் பகுதிக்கு வேண்டுமானால் சரி.

நடைமேடை நான்கு:

நான் எம்எஸ்சி உளவியல். டைம் டேபிள் ஏன் எல்லோருக்கும் உடைகிறது என்பதற்குக் கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979லேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், திட்டமிடல் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1994இல் புயூலர் என்பவரும் கூட இருந்தவர்களும் கல்லூரி மாணவர்களிடம் உங்கள் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று சொன்னவர்களுக்கு, கடைசியில் ஆனது 55 நாளுக்கு மேல். இத்தனைக்கும் இதே மாதிரி வேலைகள் போன முறையும் தாமதமானது அவர்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் இந்த முறை மட்டும் முடித்துவிடுவோம் என்று நினைப்பதுதான் மனுஷப் புத்தி. எனவே ஒரு பாடத்துக்கு இரண்டு நாள் என்று மனதில் தோன்றினால் மூன்று நாள் என்று எழுதுங்கள். வேடிக்கை என்னவென்றால், இதையே பாடமாகப் படித்த நான் என் ஆய்வேட்டுக்கு இரண்டு முறை தவணை கேட்டேன்.

சாக்பீஸ் தாத்தா:

கண்ணு, முப்பத்தொரு வருஷம் மேல்நிலைக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். மேலே கோழித் தம்பி சொன்னது சரி, ஆனால் நேரத்தைக் கணக்குப் பண்ணுவதோடு நின்றுவிட்டார். மணிக்கணக்கில் எழுதினால் மணி ஓடும், பாடம் ஓடாது. எட்டரை முதல் ஒன்பதரை வரை கணக்கு என்று எழுதி வைத்தால் புத்தகத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்தாலே அந்த வேலை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குப் பதில் பயிற்சி 1.5இல் முதல் மூன்று கணக்கு என்று எழுது. முடிந்ததா இல்லையா என்பதில் உன்னையே நீ ஏமாற்ற முடியாது.

சார்ட் எல்லாம் வேண்டாம். வீட்டில் தினசரி காலண்டர் இருக்குமே, மளிகைக் கடையில் கொடுப்பது. காலையில் கிழிக்கிற தாளைக் கீழே போடாதே. முன்பக்கம் ராகு காலம், எமகண்டம் இருக்கட்டும், பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும். அதில் அன்றைக்கு மூன்றே மூன்று வேலை எழுது. நாலாவது எழுத இடம் இருந்தாலும் எழுதாதே. முடித்ததை அடி. முடியாததை அடுத்த நாள் தாளில் முதல் வேலையாக எழுது. ஒரே வேலை மூன்று தாளுக்குத் தாவி வந்தால் அது பெரிய வேலை என்று அர்த்தம், இரண்டாக வெட்டு. என் பிள்ளைகளில் ஒருவன் அந்தத் தாள்களையெல்லாம் கம்பியில் குத்தி வைத்திருந்தான், பில் குத்துகிற கம்பி. பரீட்சைக்கு முந்தின நாள் அதைக் கொண்டுவந்து காட்டினான். இரண்டு விரற்கடை உயரம் இருந்தது.

ஒரு கணக்குக்கு எவ்வளவு நேரம் என்பதற்கு அரசாங்கமே அளவு வைத்திருக்கிறது. கணக்கு வினாத்தாள் 90 மதிப்பெண்ணுக்கு, நேரம் மூன்று மணி. ஆக ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம், ஐந்து மதிப்பெண் கணக்குக்குப் பத்து நிமிடம். இப்போது காஸ்ஸியன் நீக்கல் முறையில் ஒரு கணக்குக்கு உனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது என்றால் பயப்படாதே, ஆகஸ்ட்டில் அப்படித்தான் ஆகும். ஆனால் பார்த்து எழுதிவிட்டு முடிந்தது என்று தாளில் அடிக்காதே. பெரும்பாலான பிள்ளைகள் தீர்வுப் புத்தகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போட்டாச்சு என்கிறார்கள். பார்த்துப் போட்ட கணக்கை நாலு நாள் கழித்துப் பார்க்காமல் போடு, அப்போது வந்தால்தான் அது உன்னுடையது. அதனால் வாரத்தில் ஒரு நாள் தாளில் புதிதாக எதுவும் எழுதாமல் பழசை மட்டும் திருப்பிப் போடு. ஞாயிறு காலை அதற்குச் சரியாக இருக்கும். ஞாயிறு மத்தியானத்துக்கு எதையும் எழுதாதே, வாரத்தில் விட்டுப்போனது தானாக அங்கே வந்து உட்காரும்.

பஸ்ஸில் போகிற நேரத்தை வீணாக்காதே. புத்தகப் பின்பக்க ஒரு மதிப்பெண் கேள்விகளை அங்கே பார்க்கலாம். கணக்கில் 20, இயற்பியலில் 15, வேதியியலில் 15 என்று சேர்த்துப் பார், சும்மா இல்லை.

மூணு பிள்ளைத் தாய்:

எல்லோரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் இந்தப் பிள்ளை வந்ததும் ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் நிற்கிறதே, அதைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஆண் பிள்ளை கேட்டிருந்தால் உன்னை யாரப்பா சமைக்கச் சொன்னது என்று கேட்டிருப்பீர்கள்.

பாப்பா, அம்மாவைக் குறை சொல்லவில்லை, ஃபேக்டரியில் நின்று வருகிறவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் ஆறாவது படிக்கிற தம்பிக்குப் பதினொரு வயது ஆகியிருக்கும். அரிசி கழுவிப் போட, வெங்காயம் உரிக்க, தட்டு கழுவ அவனுக்குத் தெரியும், தெரியாவிட்டால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். என் நடுப் பையன் பத்து வயதில் ரசம் வைத்தான், உப்புதான் கூட. தம்பிக்குப் பாடம் சொல்லித் தருவதையும் அடுப்படியிலேயே வைத்துக்கொள், அவன் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே பூண்டு உரிக்கட்டும். அம்மாவிடம் நேராகப் பேசு. எனக்கு மார்ச் வரைக்கும் ராத்திரி அரை மணி நேரம் கூடுதலாக வேண்டும் என்று அளவாகக் கேள். படிக்க நேரமே இல்லை என்று மொத்தமாக அழுதால் எந்த அம்மாவுக்கும் கோபம்தான் வரும்.

பின்சீட்டுப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோழி அண்ணா சொன்ன மாதிரி ஒரு வாரம் எழுதி வைத்தேன். ஏழு நாளும் சேர்த்து 11 மணி 20 நிமிடம். சார்ட்படி பார்த்தால் 35 மணி நேரம் வந்திருக்க வேண்டும். அதைவிட வெட்கம், புதன்கிழமை இயற்பியல் வீடியோ ஒன்று பார்க்கலாம் என்று அம்மா போனை எடுத்து, வீடியோ 12 நிமிடம், நான் போனை வைத்தது 50 நிமிடம் கழித்து. நடுவில் என்ன பார்த்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. எனக்கு நேரம் இல்லை என்று இங்கே வந்து எழுதியவள் நான்தான்.

காலண்டர் தாள் இன்றோடு நாலு நாள். மூன்று வேலை என்றது ரொம்பக் குறைவு என்று நினைத்து முதல் நாள் ஐந்து எழுதினேன் ஐயா, மன்னிக்கவும், இரண்டுதான் முடிந்தது. அடுத்த நாளிலிருந்து மூன்று. நேற்று மூன்றும் முடிந்து பத்து மணிக்கே படுத்துவிட்டேன், படுத்த பிறகு ஏதோ தப்பு செய்கிற மாதிரி இருந்தது. தம்பி வெங்காயம் உரிக்கிறான், ஒரு வெங்காயத்துக்கு ஒரு ரூபாய் கேட்கிறான். அம்மாவிடம் இன்னும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம் என்று இருக்கிறேன்.

ஒரே ஒரு பிரச்சினை. பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால் எனக்கு வாந்தி வருகிறது. சாயந்தரம் உட்கார இடமும் கிடைக்காது. அதற்கு என்ன செய்ய?

சாக்பீஸ் தாத்தா:

அப்படியென்றால் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம் கண்ணு. காலையில் ஏறும்போது அன்றைக்கு ஒரே ஒரு சூத்திரத்தை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள். கிராமரின் விதி என்றால் Δ, Δ₁, Δ₂, Δ₃ எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் போட்டுப் பார், வராத இடத்தில் மட்டும் கையைத் திற. சாயந்தரம் நின்றுகொண்டு வருகிறபோது அன்று ஸ்பெஷல் கிளாஸில் நடத்தியது என்ன என்று பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் சொல்லிப் பார். அவள் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, சொல்லு.

தம்பிக்கு அரை ரூபாய்க்குப் பேசி முடி.